எல்லாம் சட்டப்படிதான் நடந்ததாம்

பினாங்கில் கம்போங் புவா பாலாவைப் பற்றிப் பேச்செடுத்தால் இப்போதெல்லாம் யாருக்கும் கோபம் வருவதில்லை. இடித்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஒட்டுக்கடையில் தே தாரேக் ஆறுவதற்குள் தீர்ப்பைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். “அரசாங்க நிலம், இவங்க புறம்போக்கு. வித்தது பழைய அரசாங்கம், புதுசா வந்தவங்க என்ன பண்ணுவாங்க? கோர்ட்டும் சொல்லிடுச்சு. அப்படியும் ரெண்டு மாடி வீடு தர்றேன்னாங்க. இன்னும் என்னதான் வேணுமாம்?”

இதை மற்ற இனத்தார் சொன்னால் விட்டுவிடலாம். சொல்பவர்களில் பாதிப் பேர் நம்மவர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், வழக்கறிஞர், கட்சிக் கிளைத் தலைவர் என்று நாலும் தெரிந்தவர்கள். இந்தப் பேச்சில் ஒவ்வொரு வரியிலும் கொஞ்சம் உண்மை கலந்திருப்பதால்தான் இது இத்தனை காலம் நிலைத்திருக்கிறது. முழுப் பொய்யாக இருந்திருந்தால் என்றோ செத்துப் போயிருக்கும்.

நடந்தது தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பினாங்குத் தீவின் புக்கிட் குளுகோர் பகுதியில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மிண்டன் வளாகத்துக்குப் பக்கத்தில், ஏறத்தாழ ஆறரை ஏக்கரில் இருந்த தமிழர் குடியிருப்பு அது. இருபத்து நான்கு வீடுகள், முந்நூறு பேர் வரை. ஆடும் மாடும் வளர்த்து, பால் கறந்து, நகரத்துக்கு நடுவிலேயே கிராமமாக வாழ்ந்தவர்கள். அறுபதுகளின் இறுதியில் தொலைக்காட்சியில் ஓடிய அமெரிக்கக் கௌபாய் தொடரின் பெயரை வைத்து ‘ஹை செப்பரல்’ என்று ஊரே அழைத்தது. 2004, 2005 வாக்கில், கோ சூ கூன் முதலமைச்சராக இருந்தபோது, மாநில அரசு அந்த நிலத்தை மாநில மூத்த அரசு அதிகாரிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுக்க முடிவு செய்தது. விலை சுமார் 32 லட்சம் ரிங்கிட். சங்கம் ஒரு மேம்பாட்டு நிறுவனத்தோடு சேர்ந்து அடுக்குமாடி கட்டத் திட்டமிட்டது. 2008 மார்ச் 8 தேர்தலில் ஆட்சி மாறியது. அந்த மாதக் கடைசியில் நிலம் சங்கத்தின் பெயருக்கு மாறியது. வழக்கு நீதிமன்றங்களில் ஏறி இறங்கி, 2009 நடுவில் கூட்டரசு நீதிமன்றத்தோடு முடிந்தது. கிராமத்தார் தோற்றார்கள். செப்டம்பரில் மண்வாரி இயந்திரங்கள் வேலையை முடித்தன.

முதலில் இந்தப் ‘புறம்போக்கு’ விவகாரம். புறம்போக்கு என்றால் நம் மனத்தில் வரும் படம் என்ன? இரவோடு இரவாக வந்து நாலு கம்பு நட்டு, தகரம் போட்டு, மறுநாள் காலையில் குடும்பத்தோடு உட்கார்ந்துவிடுகிற ஆள். புவா பாலாக்காரர்களின் முன்னோர் அப்படியா வந்தார்கள்?

ஸ்காட்லாந்துக்காரரான டேவிட் பிரவுன் 1800 வாக்கில் பினாங்குக்கு வந்தார். ஜேம்ஸ் ஸ்காட்டோடு கூட்டு வணிகம் செய்து, தீவிலேயே பெரிய நிலக்கிழாராக வளர்ந்து, குளுகோரில் தோட்டம் போட்டார். 1825இல் இறந்தார். டத்தோ கெராமாட் சாலையிலுள்ள பாடாங் பிரவுன் திடலும் நினைவுச் சின்னமும் அவர் பெயரில்தான் இன்றும் இருக்கின்றன. ஜாதிக்காய்க்கு மலாயில் புவா பாலா. தோட்டத்தில் என்ன பயிரிட்டார்கள் என்பதைக் கிராமத்தின் பெயரே சொல்கிறது. 1860 வாக்கில் நோய் விழுந்து பினாங்கின் ஜாதிக்காய்த் தோட்டங்கள் அழிந்தன. மரம் போன பிறகும் வேலைக்கு வந்த மக்கள் அங்கேயே இருந்தார்கள். அவர்களைக் கூட்டி வந்தது தோட்டம், குடி வைத்ததும் தோட்டம். திருட்டுத்தனமாக நுழைந்ததாக அன்றைக்கு யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. சொல்லியிருந்தால் தோட்டத்தில் வேலை நடந்திருக்காது.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் வேடிக்கையாக இருக்கும். 1786இல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் இறங்கியபோது கரையெல்லாம் காடு. பீரங்கியில் வெள்ளிக் காசை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டார், காசு பொறுக்க வந்தவர்கள் காட்டை வெட்டினார்கள் என்று ஒரு கதை உண்டு. பினாங்கில் பள்ளிக்குப் போன எந்தப் பிள்ளைக்கும் அது தெரியும். கதை கிடக்கட்டும். வெட்டித் திருத்துகிறவர் வெட்டிய நிலத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று லைட் அனுமதித்தது வரலாறு. அதாவது, பினாங்கின் முதல் நிலப்பட்டாக்கள் குடியிருப்பிலிருந்தும் உழைப்பிலிருந்தும் பிறந்தவை. காகிதம் பிறகுதான் வந்தது. வெள்ளைக்காரத் துரைக்கு அது உரிமையாக முற்றியது, துரையின் கூலிக்கு முற்றவில்லை. இருநூறு ஆண்டு கழித்து, முற்றாததைச் சுட்டிக்காட்டி ‘உன்னிடம் என்ன பத்திரம் இருக்கிறது’ என்று கேட்கிறோம்.

இங்கே ஒன்றை ஒதுக்கி வைத்துவிடுகிறேன். பிரவுன் குடும்பத்தார் அந்த நிலத்தைத் தொழிலாளர்களுக்காகவே விட்டுச் சென்றார்கள், அரசு அதற்கு அறங்காவலர் மட்டுமே என்று கிராமத்தார் வாதாடினார்கள். அந்த வாதம் நீதிமன்றத்தில் அவர்களைக் காப்பாற்றவில்லை. அன்று மேடையேறிய நம்மவர் பலர் முழுப் போராட்டத்தையும் இந்த ஓர் ஆணியில் மாட்டினார்கள். ஆணி கழன்றதும் எல்லாமே விழுந்ததுபோல் ஆகிவிட்டது. என் வாதத்துக்கு அந்த ஆணி தேவையே இல்லை. பிரவுன் குடும்பம் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 2005இல் நடந்தது அநியாயம்தான்.

ஏனென்றால் ‘தற்காலிகம்’ என்ற நிலையை அந்த மக்கள் தாங்களாகப் போய்த் தேடிக்கொள்ளவில்லை, அரசாங்கம்தான் அவர்கள்மேல் எழுதியது. அதை எழுதிய கருவியின் பெயர் தற்காலிகக் குடியிருப்பு உரிமம். டி.ஓ.எல். என்று சொன்னால் கம்பத்துப் பாட்டிக்கும் தெரியும். நில அலுவலகத்துக்குப் போய், எண் வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, கட்டணம் கட்டி, முத்திரை விழுந்த தாளை வாங்கி வருவார்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு, பிறப்புப் பத்திரங்களோடு பீரோவுக்குள் வைப்பார்கள். கேட்டால், ‘நாங்க வருஷா வருஷம் அரசாங்கத்துக்குக் காசு கட்டுறோம்’ என்பார்கள். அந்தக் குரலில் ஒரு நிம்மதி இருக்கும். கட்டுகிறோம், எனவே நமக்குப் பாத்தியம் உண்டு என்கிற நம்பிக்கை அது.

சட்டம் நேர்மாறாகச் சொல்கிறது. 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டப்படி இந்த உரிமத்தை எந்த மாதத்தில் வாங்கினாலும் டிசம்பர் 31ஆம் தேதி அது காலாவதியாகிவிடும். இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. வாங்கியவர் இறந்தால் தாளும் அவரோடு போய்விடும், பிள்ளைக்கு வராது. அதே சட்டத்தின் 48ஆவது பிரிவு இதையெல்லாம் விடக் கறாரானது. அரசு நிலத்தில் எத்தனை காலம் இருந்தாலும், உரிமத்தோடு இருந்தாலும் இல்லாமல் இருந்தாலும், அந்த இருப்பு ஒருபோதும் உடைமையாகாது. ஆக, ஒரு குடும்பம் நாற்பது வருடம் கட்டணம் கட்டியிருந்தால், ‘நான் இங்கே தற்காலிகமாகத்தான் இருக்கிறேன்’ என்று நாற்பது முறை கையெழுத்துப் போட்டிருக்கிறது. ஒழுங்காகக் கட்டியவர்தான் அதிகமாக மாட்டிக்கொண்டார். அப்பன் இறந்த பிறகு மகன் புது ஆளாகப் போய் மறுபடி வரிசையில் நிற்கிறான், அவன் பிறந்த வீட்டுக்கு.

இப்படி வருடந்தோறும் தற்காலிகமாக்கிக்கொண்டே வந்துவிட்டு, விற்கும் நாளில் ‘இவர்கள் தற்காலிகமானவர்கள்தானே’ என்று சொல்வது என்ன வாதம்? வீட்டுக்கு மின்சாரம் கொடுத்து, தண்ணீர்க் குழாய் போட்டு, அடையாள அட்டையில் அந்த முகவரியையே அச்சடித்து, வாக்காளர் பட்டியலில் அந்தத் தொகுதியில் சேர்த்து, ஐந்து வருடத்துக்கு ஒரு முறை அந்த வாசலில் வந்து கைகூப்பி நின்றவர்களுக்கு அப்போதெல்லாம் அவர்கள் நிரந்தரமாகத்தான் தெரிந்தார்கள்.

‘நிலம் அரசாங்கத்துடையது, உடைமைக்காரர் விற்கிறார்’ என்கிறார்கள். அரசாங்கம் மளிகைக் கடைக்காரர் அல்ல. அது வைத்திருப்பது பொதுச் சொத்து. யாருக்கு, எதற்காக, என்ன விலைக்கு என்ற மூன்றுக்கும் அது பதில் சொல்லக் கடமைப்பட்டது. அந்த மூன்றையும் பார்ப்போம்.

வாங்கியவர் யார்? மாநிலத்தின் மூத்த அதிகாரிகளுடைய சங்கம். இதில் சட்டமீறல் நடந்ததாக நான் சொல்லவில்லை, அதற்கான ஆதாரமும் என்னிடம் இல்லை. அரசாங்கம் தன் மக்கள் முந்நூறு பேர் குடியிருக்கிற நிலத்தைத் தன் அதிகாரிகளின் சங்கத்துக்குக் கொடுத்தது என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறேன். வேறு எந்த நாட்டில் நடந்ததாகச் செய்தி வந்தாலும் நாம் புருவத்தை உயர்த்தியிருப்போம்.

எதற்காக? பள்ளிக்கூடமோ மருத்துவமனையோ சாலையோ வரவில்லை. விற்பனைக்கான வீடுகள். ‘வளர்ச்சி’ என்ற சொல்லுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க விரும்பவில்லை. அடுக்குமாடிகளுக்குப் பினாங்கில் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை.

விலைக்கு வருவோம், ஏனென்றால் இந்த விவகாரத்தில் யாரும் உட்கார்ந்து போட்டுப் பார்க்காத கணக்கு இதுதான். ஆறரை ஏக்கர் என்றால் ஏறக்குறைய இரண்டு லட்சத்து எண்பதாயிரம் சதுர அடி. 32 லட்சத்தை அதால் வகுத்தால் சதுர அடிக்குப் பதினோரு ரிங்கிட்டுக்குச் சற்று அதிகம். தீவுக்குள், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், பாலத்துக்கு அருகே! சரி, அந்த விலையே நியாயம் என்று வைத்துக்கொள்வோம். 32 லட்சத்தை இருபத்து நான்கு வீடுகளுக்குப் பங்கு போட்டால் வீட்டுக்கு ஒரு லட்சத்து முப்பத்து மூவாயிரம் ரிங்கிட் வருகிறது. ஒரு வீட்டுக்குள் சராசரியாகப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். சம்பாதிக்கிற நாலைந்து பேர் சேர்ந்தால் அன்றைய வங்கிக் கடனில் அடைக்கக்கூடிய தொகை அது. கூட்டுறவுச் சங்கம்தான் வாங்க வேண்டும் என்றால் கிராமத்தாரே ஒரு கூட்டுறவுச் சங்கம் பதிவு செய்திருப்பார்கள். நம் ஆட்கள் கோயிலுக்கு நிர்வாகக் குழு அமைக்கிற வேகத்தில் அதையும் அமைத்திருப்பார்கள்.

அந்த மக்களிடம் ‘நிலத்தை இன்ன விலைக்கு விற்கப் போகிறோம், உங்களுக்கு வேண்டுமா?’ என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். அதிகாரிகளின் சங்கத்துக்குக் கொடுத்த அதே விலையை அவர்களுக்கும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லி, அவர்கள் கையை விரித்திருந்தால், ‘வாய்ப்புக் கொடுத்தோம், அவர்களால் முடியவில்லை’ என்று இன்றைக்கு ஒட்டுக்கடையில் பேசுவதற்கு ஓர் அடிப்படையாவது இருந்திருக்கும்.

அடுத்து, ‘கோர்ட்டே சொல்லிடுச்சு.’ இதைச் சொல்கிறவர்கள் தீர்ப்பு எதற்குக் கிடைத்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி, சட்டப்படி உடைமை யாருடையது என்பது. இந்த நாடு பின்பற்றும் டோரன்ஸ் நிலப்பதிவு முறையில் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உடைமைக்காரர். மோசடி போன்ற சில விதிவிலக்குகள் தவிர, பதிவான பெயரை அசைக்க முடியாது. 48ஆவது பிரிவு ஒரு பக்கம், பதிவேடு இன்னொரு பக்கம். நடுவில் நின்ற மக்கள் தோற்றதில் வியப்பு இல்லை. ஆனால் ‘இவர்களை வெளியேற்றுவது முறையா’ என்றோ, ‘இந்த நிலத்தை இவர்களுக்கு விற்றிருக்க வேண்டுமா’ என்றோ எந்த நீதிபதியிடமும் கேட்கப்படவில்லை. அது ஆட்சிக்குழுவின் மேசையில் எழ வேண்டிய கேள்வி. நிலம் மாநிலத்தின் அதிகாரத்தில் இருக்கிற விஷயம். கூட்டரசு அரசியலமைப்பு அப்படித்தான் பிரித்துக் கொடுத்திருக்கிறது. அதிகாரத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டு, பொறுப்பை மட்டும் நீதிமன்றத்தின் மேல் தள்ளிவிடுவது அரசியல்வாதிக்கு வசதி. நமக்கு ஏன் அந்த வசதி?

சட்டம் கல்லில் செதுக்கியது, அசையாது என்பவர்களுக்கு இன்னொரு வழக்கை நினைவூட்டுகிறேன். கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்துக்குச் சாலை போட, தொண்ணூறுகளின் நடுவில் செலாங்கூர் டிங்கிலில் உள்ள புக்கிட் தம்போயில் தெமுவான் பழங்குடியினரின் நிலத்தை எடுத்தார்கள். வீட்டுக்கும் மரத்துக்கும் மட்டும் காசு கொடுத்தார்கள். நிலம் அரசாங்கத்துடையது, அதற்கு எதற்கு இழப்பீடு என்ற அதே பாட்டு. சாகோங் தாசி வழக்கு என்று பெயர். 2002இல் உயர் நீதிமன்றமும் 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த மக்களுக்கு நிலத்தின் மேலேயே உரிமை உண்டு என்றன. அவர்களைப் பாதுகாக்கும் கடமை அரசுக்கு உண்டு, அந்தக் கடமையில் அரசு தவறிவிட்டது என்றும் சொன்னது நீதிமன்றம். கையில் பட்டா இல்லாத மக்கள் அவர்கள். நாம் பூர்வகுடி அல்ல, அந்தத் தீர்ப்பு அப்படியே நமக்குப் பொருந்தாது. எனக்கும் அது தெரியும். ஆனால் காகிதம் இல்லாததால் கடமையும் இல்லை என்ற வாதத்தை இந்த நாட்டு நீதிமன்றமே ஒரு முறை தள்ளிவிட்டிருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு பேசுவது நல்லது.

அந்த வழக்கின் முடிவு இன்னும் சுவையானது. கூட்டரசு நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்த மேல்முறையீட்டை 2009இல் செலாங்கூர் மாநில அரசு தானாகவே கைவிட்டது. 2010இல் 65 லட்சம் ரிங்கிட் இழப்பீட்டோடு அது தீர்ந்தது. மேல்முறையீட்டுக்குப் போனது தேசிய முன்னணியின் பழைய மாநில அரசு. கைவிட்டது மக்கள் கூட்டணியின் புதிய அரசு. பினாங்கில் புவா பாலா இடிபட்ட அதே ஆண்டு, பினாங்கை ஆண்ட அதே கூட்டணி.

‘பழைய அரசாங்கம் செஞ்சது, புது அரசாங்கம் என்ன பண்ணும்’ என்பதற்கு இதைவிடப் பெரிய பதில் வேண்டுமா? வேண்டுமென்றால் பக்கத்து மாநிலத்தையும் பார்க்கலாம். பேராக்கில் அதே கூட்டணி, அதே 2008இல், புதுக்கிராம மக்களுக்கு 999 ஆண்டுக் குத்தகையில் பட்டா தர முடிவெடுத்தது. அந்த முடிவின் பின்னால் நூறு காரணம் இருக்கலாம், வாக்கு வங்கி இருக்கலாம். செய்ய மனம் இருந்தபோது சட்டம் குறுக்கே நிற்கவில்லை.

2008 தேர்தலுக்குப் பிறகு பினாங்கு முதலமைச்சரான லிம் குவான் எங்கின் அரசு சொன்ன காரணங்களில் ஒன்றை மட்டும் நான் மதிக்கிறேன். விற்பனையை ரத்து செய்தால் நிறுவனம் வழக்குப் போடும், பெரும் தொகை இழப்பீடாகப் போகும் என்றார்கள். உண்மைதான், போயிருக்கும். ஆனால் முடியாது என்பது வேறு, செலவாகும் என்பது வேறு. 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் மாநில அரசின் கையில் இருக்கிறது. 1991இல் அதைத் திருத்தி, நாட்டின் பொருளாதார வளர்ச்சிக்கு நன்மை தரும் எந்தக் காரியத்துக்காகவும் யாருக்காகவும் நிலத்தை எடுக்கலாம் என்று விரித்து வைத்திருக்கிறார்கள். தொழிற்பேட்டைக்காகச் சிறு தோட்டக்காரனின் பட்டா நிலத்தைப் பிடுங்க முடிகிற சட்டத்தால், கட்டடம் எழும்பாத ஆறரை ஏக்கரை ஒரு சங்கத்திடமிருந்து உரிய விலை கொடுத்துத் திரும்ப எடுக்க முடியாதா? அரசு அந்தத் தொகையைக் கணக்கிட்டுப் பார்த்தது, இந்த மக்களுக்கு அது தகாது என்று முடிவெடுத்தது. அது ஒரு முடிவு. அதை முடிவு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், கையைக் கட்டிப் போட்டதுபோல் காட்டியிருக்க வேண்டியதில்லை.

மார்ச் மாதக் கடைசியில் பட்டா மாறியதைப் பற்றியும் ஒரு சொல். ஆட்சி மாறி மூன்று வாரம் ஆகவில்லை, புதியவர்களுக்குக் கோப்பு எங்கே இருக்கிறது என்றே தெரிந்திருக்காது என்று சமாதானம் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் குளுகோரில் பிரச்சினை இருப்பது தேர்தலுக்கு முன்பே எல்லாருக்கும் தெரியும். எதிர்க்கட்சியாக இருந்தபோது தெரிந்த கிராமம், நாற்காலியில் உட்கார்ந்ததும் கோப்புக்குள் தொலைந்துபோனது எப்படி? தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை என்று சொன்னால், மாடு வளர்த்த அந்த ஊர்க்காரர்களுக்கு நன்றாகவே புரியும்.

கடைசியாக அந்த இரண்டு மாடி வீடு. ‘பேராசை பிடித்தவர்கள்’ என்ற பழி இதிலிருந்துதான் வந்தது. லட்சக்கணக்கான ரிங்கிட் பெறுமான வரிசை வீட்டை இனாமாகக் கொடுத்தும் அடம் பிடித்தார்கள் என்று.

அந்தப் பேரம் எப்போது வந்தது என்று பாருங்கள். விற்ற பிறகு, பட்டா மாறிய பிறகு, வழக்கில் தோற்ற பிறகு, வாசலில் இயந்திரம் வந்து நின்ற பிறகு. 2004இல் யாரும் வரிசை வீட்டைப் பற்றிப் பேசவில்லை. பத்திரிகைகளில் படம் வந்து, நாடு முழுக்கக் கூச்சல் எழுந்ததால் வந்த பேரம் அது. அடம் பிடிக்காமல் முதல் நோட்டீஸிலேயே மூட்டை கட்டியிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? தோட்டங்கள் விற்கப்பட்டபோது லயத்து வீட்டை விட்டு வெளியேறியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். பினாங்குக்காரர்கள் அடம் பிடித்ததால்தான் அந்த வீடே பேச்சுக்கு வந்தது. பிறகு அந்த வீட்டையே காட்டி ‘ஏன் அடம்?’ என்று கேட்கிறோம்.

பேரத்திலும் கணக்கு உதைத்தது. வீட்டு எண் ஒன்றுக்கு ஒரு வீடு. ஒரு கூரையின் கீழ் பன்னிரண்டு பேர் இருந்தார்கள் என்றேன். அண்ணன் ஒரு பக்கம், தம்பி பின்கட்டில், கட்டிக்கொடுத்த மகள் பக்கவாட்டில் இறக்கிய தாழ்வாரத்தில் என்று கம்பத்து வீடு தேவைக்கேற்ப நீளும். வரிசை வீடு நீளாது. அந்த ஒரு வீடு யார் பெயருக்கு? சகோதரர்களுக்குள் சண்டை மூட்டிவிட இதைவிட எளிய வழி கிடையாது.

மாட்டை எங்கே கட்டுவது? சிரிக்காதீர்கள். அந்த ஊரில் பல குடும்பங்களின் பிழைப்பே மாடும் ஆடும்தான். விடியற்காலையில் கறந்த பால் விடிவதற்குள் வீடுகளுக்கும் கடைகளுக்கும் போகும். மேய்ச்சலுக்கு இடம், கொட்டகைக்கு இடம், சாணத்துக்கு இடம், கன்று ஈனும்போது தனியே கட்ட ஒரு மறைப்பு. இவ்வளவும் சேர்ந்தது ஒரு தொழில். வரிசை வீட்டின் பின்பக்கம் துணி காயப் போடும் இடத்தில் ஒரு பசுவைக் கட்டினால் முதல் வாரமே நகராண்மைக் கழகத்துக்குப் புகார் போகும். கடை நடத்துகிறவரின் கட்டடத்தை அரசு எடுத்தால் வியாபார நஷ்டத்தைச் சேர்த்துக் கணக்குப் போடுகிறோம். மாடு வைத்திருப்பவருக்கு அந்தக் கணக்கு கிடையாது. இரண்டு மாடி கொடுத்தாயிற்று அல்லவா!

ஆதரவுக்கு வந்தவர்களைப் பற்றியும் எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை ஒருதலையாகிவிடும். 2007 நவம்பர் 25 ஹிண்ட்ராஃப் பேரணிக்குப் பிறகு எழுந்த வேகம் பெரிது. அந்த வேகம் புவா பாலாவுக்கும் வந்தது, நல்லது. ஆனால் கொஞ்ச நாளில் அது லிம் குவான் எங்கைத் திட்டுகிற மேடையாகவும், மாநிலத்தின் தமிழ்த் துணை முதலமைச்சரைத் துரோகி என்று வைகிற மேடையாகவும் சுருங்கிவிட்டது. இதில் பெரிய கூத்து மலேசிய இந்தியர் காங்கிரசான ம.இ.கா.வினர் வந்து கண்ணீர் விட்டது. நிலத்தை விற்க முடிவெடுத்தபோது மாநிலத்தை ஆண்ட கூட்டணியில் அவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டணி விற்கும், கட்சி அழும். மேடையில் ஏறிய எவரும், ‘இனி அரசு நிலத்தில் குடியிருப்பவர்களுக்குச் சொல்லாமல் நிலத்தை விற்கக் கூடாது’ என்று ஒரு சட்டத் திருத்த வரைவைக்கூடக் கொண்டு வரவில்லை. ஆளைத் திட்டினோம், முறையைத் தொடவில்லை. ஆள் மாறினால் சரியாகிவிடும் என்று அப்போதும் நம்பினோம்.

‘தமிழன் என்பதால்தான் இடித்தார்கள்’ என்ற குரலோடும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. இப்படிச் சொல்லும்போது, மற்றவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று கற்றுக்கொள்ள வேண்டியதை விட்டுவிடுகிறோம். அவசரகாலத்தில், 1950க்குப் பிறகு, பிரிக்ஸ் திட்டத்தின் கீழ் காட்டோரங்களில் குடியிருந்த ஐந்து லட்சம் பேர் வரை புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். பெரும்பாலும் சீனர்கள், பெரும்பாலும் பட்டா இல்லாதவர்கள், அன்றைய அதிகாரிகளின் வாயில் புறம்போக்கு. முள்வேலிக்குள் அடைத்ததை யாரும் நன்மை என்று சொல்ல முடியாது. ஆனால் பின்னாளில் அந்த மனைகளுக்குக் குத்தகைப் பட்டாக்கள் வந்தன. கோலாலம்பூரின் நடுவில் உள்ள கம்போங் பாருவை 1900 வாக்கில் மலாய் விவசாயக் குடியேற்றமாக ஒதுக்கினார்கள். வானளாவிய கட்டடங்கள் சூழ்ந்தும் அது இன்னும் இருக்கிறது. மலாக்கா ஊஜோங் பாசிரில் 1930களில் போர்த்துகீசிய வம்சாவளி மீனவர்களுக்காக நிலம் ஒதுக்கப்பட்டது, பாதிரிமார் எடுத்த முயற்சியால். அவர்களுக்குக் கிடைத்ததே என்று பொறாமைப்பட இதைச் சொல்லவில்லை. ஒரு சமூகம் வாழும் நிலத்தை அந்தச் சமூகத்துக்கே எழுதிக் கொடுப்பது இந்த நாட்டு அரசாங்கங்களுக்குக் கைவந்த கலை என்பதற்காகச் சொல்கிறேன்.

பினாங்கு மரபைப் போற்றாத மாநிலமும் அல்ல. 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்ந்து ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. வெடி வெடித்துக் கொண்டாடினார்கள். அடுத்த ஆண்டு, அதே தீவின் தோட்டக் காலத்துச் சாட்சியாக உயிரோடு இருந்த ஒரு கிராமத்தை இடிக்க விட்டார்கள். நகரத்தின் செங்கல் சுவர் மரபு, மாட்டுக் கொட்டகை மரபாகாது போலும்.

இவ்வளவும் பழைய கதை என்று விட்டுவிடலாம், டி.ஓ.எல். இன்னும் நடப்பில் இல்லாமல் இருந்தால். இருக்கிறது. தீபகற்பம் முழுக்க இந்தத் தாளோடு குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள், எல்லா இனத்திலும். புவா பாலாவை ‘சட்டப்படி நடந்தது’ என்று நாம் ஒப்புக்கொள்ளும் ஒவ்வொரு முறையும், அவர்களுக்கு நாளை நடக்கப்போவதற்கும் இன்றே தலையாட்டிவிடுகிறோம். கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. குடியிருப்பு உள்ள அரசு நிலத்தை யாருக்குக் கொடுப்பதாக இருந்தாலும், அங்கே உரிமம் வைத்திருப்பவர்களுக்கு முதலில் அறிவிக்க வேண்டும். அடுத்தவருக்குச் சொன்ன விலையை அவர்களுக்கும் சொல்லி, வாங்க அவகாசம் தர வேண்டும். இதற்குக் கூட்டரசு நாடாளுமன்றம்வரை போக வேண்டியதில்லை, மாநில ஆட்சிக்குழு ஒரு கூட்டத்தில் கொள்கையாக முடிவெடுக்கலாம். டிசம்பர் 31க்குள் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று வீட்டு முகவரிக்குக் கடிதம் அனுப்பத் தெரிந்த நில அலுவலகத்துக்கு, இந்த நிலம் விலைக்கு வருகிறது என்று அதே முகவரிக்கு இன்னொரு கடிதம் அனுப்பவும் தெரியும்.